காலைப் படம்

கோத்தகிரியில் என் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் இடதுபக்கச் சுவர் முழுக்க முகங்கள். மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள், மப்ளருக்குள் சிரிக்கும் பாட்டிகள். நடுவே ஒரே ஒரு படம் மட்டும் யாருடனும் ஒட்டாமல் தொங்கும். வெள்ளைப் பனிமூட்டம், அதில் கறுப்பாக ஒரு பெரிய பறவை, அதன் காலில் குப்பை உருண்டை மாதிரி என்னவோ. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்காருகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள்: "இதை ஏண்ணா மாட்டியிருக்கீங்க? ஆடிப்போயிருக்கே."

ஆடித்தான் போயிருக்கிறது. ஆனால் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அது எப்படி வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குச் சோறு போடுவது முகம். காது இரண்டும் தெரிய வேண்டும், நெற்றியில் முடி விழக் கூடாது, கண் மூடிவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்தோடுதான் 2014-இல் ஊட்டியில் ஒருவரிடமிருந்து பழைய 500 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கினேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்குக் கழுகைத் துரத்தலாமே என்றுதான். இரண்டு வருடம் துரத்தினேன். எடுத்ததெல்லாம் தலை. மஞ்சள் கண், வளைந்த அலகு, பின்னால் மங்கிய பச்சை. பார்த்தவர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். நானும் சூப்பர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடநாடு போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. பொடியனாகத் தலைமன்னாரில் கப்பலேறியவர், அப்புறம் கொழுந்துக் காட்டைத் தவிர வேறு இடம் பார்த்ததில்லை. ஒருநாள் அங்கே சில்வர் ஓக் கிளையில் கொண்டைப் பாம்புக் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. நாற்பது படம் எடுத்தேன். பெரியவர் பக்கத்தில் வந்து கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி மூஞ்சியா எடுத்து வச்சிருக்கீங்க? அதுக்கென்ன ரேஷன் கார்டா போடப் போறீங்க? காலைப் பாருங்க தம்பி, காலை."

"காலையிலதாங்கய்யா வந்தேன். ஆறு மணிக்கே வந்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டுக் குனிந்து தன் கெண்டைக்காலைத் தட்டிக் காட்டினார். "இந்தக் காலு. நமக்குச் சாப்பாட்டுக்குக் கை, அதுக்கு அது. மூஞ்சியில பசிதான் தெரியும், சோறு தெரியாது."

வீட்டுக்கு வந்து அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கால் இல்லை. வயிற்றோடு வெட்டியிருந்தேன், பாஸ்போர்ட் மாதிரியே.

இரண்டு வாரம் கழித்து அதே கழுகு சாலையோரச் சாக்கடையிலிருந்து சன்னமான ஒரு பாம்பைத் தூக்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தது. இந்த முறை லென்ஸைக் கீழே இறக்கினேன். முழங்காலுக்குக் கீழே இறகே இல்லை. மஞ்சள் தோல் மேல் ஓடு வேய்ந்த மாதிரி கனத்த செதில்கள். பாம்பு திரும்பிக் கொத்தினால் பல் முதலில் படுவது அங்கேதான். விரல்கள் கட்டையாக, குட்டையாக இருந்தன. முயலைப் பிடிக்க நீள விரல் வேண்டியிருக்கலாம், ஆனால் கயிறு மாதிரி வழுக்குகிற ஒன்றை இறுக்கிப் பிடிக்க இந்தக் குட்டை விரல்தான் சரி. தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கியது. கடைசியில் வால் மட்டும் அலகுக்கு வெளியே சேமியா போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஐந்து நிமிடம், யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

காலை எடுப்பது எளிதில்லை. இந்தக் காலத்துக் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தானே தேடிப்பிடித்து அங்கே போக்கஸ் வைத்துவிடும். விற்பவர்கள் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். 500 மி.மீ. லென்ஸில், அபெர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பை 5.6-இல் வைத்து, 10 மீட்டர் தூரத்திலிருக்கும் பறவையை எடுத்தால் துல்லியமாக விழும் ஆழம் 13 சென்டிமீட்டர் அளவுதான். கண் தெளிவாக இருக்கும்போது, முன்னால் நீட்டிய காலும் அதில் இருக்கும் இரையும் மங்கிவிடும். 30 மீட்டர் தள்ளி நின்றால் அதே ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது, தலையிலிருந்து கால்வரை முழுதும் கிடைக்கும். கிட்டே போகப் போகத்தான் நல்ல படம் என்று நினைத்துப் புதருக்குள் தவழ்ந்துகொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு பெரிய நிம்மதி. முழங்காலுக்கும் நல்லது. தவிர, 10 மீட்டருக்குள் வந்துவிட்ட மனிதனைப் பார்த்துக்கொண்டே எந்தக் கழுகும் நிதானமாகச் சாப்பிடாது.

ஒரு விஷயத்தில் பெரியவரிடம் சண்டை போட எனக்கு இடம் உண்டு. எல்லாமே கால் இல்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், ஒன்பதாவது மைல் புல்மேடுகளில் கெஸ்ட்ரல் என்கிற சிவப்பு வல்லூறு அந்தரத்தில் நிற்கும். காற்றுக்கு முகம் காட்டி, சிறகும் வாலும் படபடக்க, தலை மட்டும் ஆணியடித்த மாதிரி அசையாது. கழுகும் பருந்தும் காலால் அழுத்தியே இரையைக் கொல்லும். வல்லூறு இனம் காலால் பிடித்து அலகால் கொல்லும். மேல் அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு கூர் உண்டு, அதை இரையின் பிடரியில் கொடுத்து நறுக்கிவிடும். அதனால் வல்லூறுக்கு மட்டும் நான் இன்னும் முகம் எடுக்கிறேன். பெரியவரிடம் சொன்னேன். "சரி, அது வேற சாதி" என்று விட்டுக்கொடுத்தார்.

தேன் பருந்துக் கதையைச் சொன்னால் வீட்டில் இன்னும் சிரிப்பார்கள்.

கோத்தகிரிக்குக் கீழே மேட்டுப்பாளையம் பக்கச் சரிவுகளில் குறும்பர் ஊர்கள் இருக்கின்றன. மலைத்தேன் எடுப்பவர்கள். அங்கே எனக்கு ஒரு நண்பர். பாறை முகட்டிலிருந்து கொடியால் முறுக்கிய ஏணியில் தொங்கி, இலைக்கட்டுப் புகை போட்டுத் தேன் எடுப்பார். மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்வது மனைவியின் தம்பி. "மச்சான்னா விட மாட்டான். விட்டா அவன் அக்காதானே தாலியறுக்கணும்" என்பது அவர் விளக்கம். இதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாட்டை நான் கேட்டதில்லை.

ஒரு மே மாதம், அந்தப் பாறைக்குத் தேன் பருந்து வருகிறது என்று கூப்பிட்டனுப்பினார். எதிர்ச் சரிவில் உட்கார்ந்தோம். போனதும் என் சட்டையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். முந்தின நாள் ரிசப்ஷன் வேலை. சென்ட் வாசம் போகவில்லை. "இன்னைக்கு வேண்டாம்" என்றார். நான் கேட்கவில்லை.

பருந்து ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு முறை பாறையை ஒட்டிப் பறந்தது. மூன்றாம் முறை தேனடையில் காலால் அடித்துத் திருகி, ஒரு துண்டோடு விலகியது. தேனீக்கள் கறுப்புச் சேலையை உதறியது போலப் பாறையிலிருந்து கிளம்பின. பருந்து எங்களுக்கு நேர் கீழே ஒரு மரத்தில் உட்கார்ந்து, அடைத்துண்டை ஒரு காலால் புத்தகம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அறை அறையாக வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கித் தின்றது. பெயர்தான் தேன் பருந்து, அதற்கு வேண்டியது தேனைவிடப் புழுதான். கால் நகங்கள் மற்றப் பருந்துகளைப் போல அவ்வளவு வளைந்திருக்காது. கொத்திப் பிடிக்கிற நகமில்லை, தோண்டுகிற நகம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் மற்றப் பருந்துகளுக்கு மெல்லிய மயிரிறகு இருக்கும் இடத்தில், இதற்கு மீன் செதில் போல நெருக்கமான குட்டி இறகுகள். கொடுக்கு இறங்காது.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பருந்தைத் துரத்தி வந்த தேனீக்கள் சென்ட் வாசத்தைக் கண்டுகொண்டன. நண்பர் கம்பளியை என் மேல் எறிந்து, தலையை மூடச் சொல்லி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார். கேமராவைக் காப்பாற்றினேன், முகத்தைக் காப்பாற்றவில்லை. பதினோரு கொட்டு. மறுநாள் குன்னூரில் கல்யாணம். வலது கண் திறக்கவே இல்லை. இடது கண்ணால் முகூர்த்தம் எடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ராத்திரி கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?" என்று கேட்டார். காலும் அடையும் புழுவும் தெளிவாக விழுந்த படம் மூன்று. லாபம்தான்.

சரி, இப்போது சொல்ல விருப்பமில்லாத ஒன்று.

2017-இல் ஒரு மழைக்காலம். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடையில் பொறியில் விழுந்து செத்த எலி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு மரக்கட்டை மேல் வைத்தேன். கால் மணி நேரத்தில் கள்ளப்பருந்து வந்து தூக்கியது. அருமையான ஒளி, விரிந்த சிறகு, காலில் எலி. வேட்டை என்று தலைப்புப் போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். பாராட்டு மழை.

பெரியவருக்கும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது செத்த எலி" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "விரலைப் பாருங்க. உசிரோட இருக்கிறதைப் பிடிச்சிருந்தா நகம் பதியப் பதிய நெரிச்சிருக்கும். இது சும்மா கூடையைத் தூக்கிட்டுப் போற மாதிரித் தூக்குது." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "அந்தக் கடையில எலிமருந்து வைக்க மாட்டாங்களா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. எலிமருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து அது, நாலைந்து நாள் எடுக்கும். அதற்குள் தடுமாறிக்கொண்டு பொறியிலும் விழும். அதைத் தின்ற பறவைக்கும் அந்த மருந்து போகும். அன்று சாயந்திரமே கடைக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். மருந்து வைப்பதில்லை, பொறி மட்டும்தான் என்றார். அவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை. படத்தை அழித்துவிட்டேன். அதன்பிறகு தீனி வைத்து எடுத்த படங்கள் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் ஒளி சரியாக இருக்கும், பின்புலம் சரியாக இருக்கும், விரல்கள் மட்டும் தளர்ந்திருக்கும்.

பாறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிணந்தின்னிக் கழுகு என்பது நன்றிகெட்ட பெயர். பாறு, எருவை என்று சங்கப் பாடல்களிலேயே இவற்றுக்கு நல்ல பெயர் இருக்கிறது. கல்லட்டியின் 36 வளைவுகளும் இறங்கினால் சீகூர்ச் சமவெளி. மசினகுடி, முதுமலை, மாயாறு என்று நீளும் அந்தக் காட்டில் நான்கு வகைப் பாறுகள் உண்டு: வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கும். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. எனவே என்னிடம் இருப்பது வனத்துறை வண்டியிலிருந்து எடுத்த ஒரே ஒரு தூரத்துப் படம். செந்நாய் அடித்துப்போட்ட கடமான். காக்கைகள் முதலில் வந்திருந்தன. செந்தலைப் பாறு ஜோடி ஒன்று ஓரமாக நின்றது. அப்புறம் வெயில் ஏறியதும் வெண்முதுகுகள் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

அந்தப் படத்தில் முகமே கிடையாது. தலைகள் எல்லாம் கடமானின் வயிற்றுக்குள். வெளியே தெரிவது முதுகும் காலும்தான். அந்தக் கால் கழுகின் கால் மாதிரி இல்லை, கோழிக்கால். நகம் மொட்டை, பிடி கிடையாது. தோலை மிதித்து ஊன்றிக்கொண்டு கழுத்தால் இழுக்க மட்டுமே உதவும். எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாததால், கிடக்கும் இடத்துக்கே கூட்டம் கூட்டமாக வந்து, எல்லாம் ஒரே பிணத்தில் தின்றாக வேண்டும். அவற்றின் கேடும் அங்கேயே இருந்தது. வலி குறைய மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, மாடு செத்ததும் ஒரே பந்தியில் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்தது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படிந்து, சில நாட்களில் செத்தன. காரணம் இதுதான் என்று 2004-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006-இல் இந்தியாவில் தடை வந்தது. பாறுகளுக்கு அதேபோல ஆபத்தான வலிமருந்துகள் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வர 2023 ஆனது. அதற்குள் நாடு முழுவதும் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. தனியாக இரை தூக்கித் தின்கிற கழுகாக இருந்திருந்தால் ஒரு மாட்டுக்கு ஒன்று செத்திருக்கும். அந்தக் கோழிக்காலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு வந்து நிற்கிறது.

இனி சுவரில் இருக்கிற படம்.

கருங்கழுகை முதலில் கோடநாடு காட்சிமுனையில் பார்த்தேன். அங்கே நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். கழுகு நமக்குக் கீழே பறக்கும். அழகுதான், ஆனால் தெரிவது முதுகு, காலைப் பார்க்க வழியே இல்லை. ஐந்தடி அகலத்துக்குச் சிறகு இருந்தும் எடை ஒன்றரைக் கிலோ அளவுதான். அதனால்தான் அப்படி மெதுவாகப் பறக்க முடிகிறது. மரங்களின் தலையைத் தடவிக்கொண்டு, ஏதோ தொலைத்ததைத் தேடுகிற மாதிரிப் போகும். உண்மையிலேயே தேடிக்கொண்டுதான் போகிறது. கூடு தேடுகிறது. மலையணிலும் பிடிக்கும் என்றாலும், மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும்தான் இதற்கு இஷ்டம். பெரியவர் இதற்கு வைத்திருந்த பெயர் கூடுதூக்கி. "கூட்டுல உக்காந்து தின்னாது தம்பி. வீட்டோட தூக்கிட்டுப் போயிடும்."

நான் நம்பவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தால் அப்படியேதான் எழுதியிருக்கிறது. இதன் நகங்கள் நீளம், ஆனால் வளைவு குறைவு. உள்விரல் நகம் எல்லாவற்றிலும் நீளம், வெளிவிரல் சூம்பினாற்போல் குட்டை. இறுக்கி மூடுகிற முஷ்டியாக இருந்தால் முட்டை நொறுங்கிவிடும். இது அகப்பை.

மூன்று வருடம், மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் போனேன். மலையில் சின்னப் பறவைகள் கூடு வைக்கிற காலம். கல்யாண சீசனும் அதே காலம் என்பதால் எனக்கு நஷ்டம். கழுகைக் கண்ணால் தேடக் கூடாது என்பதைப் பெரியவரிடம்தான் கற்றேன். காதால் தேட வேண்டும். கரிச்சான் கத்தி, சின்னான் குருவிகள் பதறி, அணில் மேலிருந்து அதட்டத் தொடங்கினால் அந்தச் சத்தம் நகர்ந்து வரும் திசையில் கழுகு வருகிறது. கறுப்புப் பறவை என்பதால் கேமரா வேறு குழப்பும். வெள்ளை மூட்டத்துக்கு எதிரே வந்தால் வெறும் நிழலாகிவிடும், வெளிச்சத்தை ஒன்றரை இரண்டு படி கூட்ட வேண்டும். இருண்ட சோலைக்கு எதிரே வந்தால் கேமரா தானே கூட்டிவிடும், மஞ்சள் கால் வெளுத்துப் போகும், அப்போது குறைக்க வேண்டும்.

2019 மார்ச். காலை எட்டேகால், நல்ல மூட்டம். வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தேன், ஆனால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்ற மறந்துவிட்டேன். ஷட்டர் 1/320 நொடிக்கு இறங்கி, படம் ஆடிப்போகிற வேகத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இருபது வருடத் தொழில்காரன் செய்கிற தப்பா இது? செய்தேன். சோலை ஓரத்தில் செம்மீசைச் சின்னான்கள் இரண்டு கத்தத் தொடங்கின. மூட்டத்திலிருந்து அது வந்தது. நிற்கவில்லை, வேகம் கூட்டவில்லை, பாயவும் இல்லை. புதர் மேல் வரும்போது ஒரு காலை மட்டும் தொங்கவிட்டு, போகிற போக்கில் கொடியில் காயும் துண்டை உருவுவது போல எதையோ எடுத்துக்கொண்டு, என் தலைக்கு மேலே வந்தது. பறந்துகொண்டே காலை முன்னால் நீட்டித் தலையை அடியில் குனிந்தது. நாம் நடுரோட்டில் நின்று தட்டிலிருந்து போண்டா எடுத்துத் தின்போமே, அதே நிதானம். ஏழு படம் எடுத்தேன். அப்புறம் அது காலை விரித்தது. கையளவு உருண்டை ஒன்று தேயிலைக்குள் விழுந்தது.

அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் சேர்ந்து தேடித் தந்தார்கள். சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. வேர்நார், காய்ந்த பெரணி, சிலந்தி நூல், நீலப் பிளாஸ்டிக் சாக்கிலிருந்து உருவிய ஓர் இழை. அடியில் மஞ்சள் கருவின் ஈரம் காயாமல் இருந்தது. சின்னான்கள் அந்தப் புதர் மேலேயே கத்திக்கொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை, கேமராவை உறைக்குள் வைத்துவிட்டேன்.

ஏழில் ஆறு ஒன்றுக்கும் உதவாது. ஏழாவதும் ஆட்டம்தான். ஆனால் விரல்கள் தெரிகின்றன. நீண்ட உள்நகம் கூட்டின் அடியைத் தாங்கியிருப்பதும், குட்டை விரல் ஒதுங்கி நிற்பதும், கூடு நசுங்காமல் வட்டமாகவே இருப்பதும் தெரிகின்றன.

ஒன்று பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, பெரியவர் இருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கொண்டுபோனேன். கண்ணாடி மாட்டி, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் கூட்டைத் தொட்டு, நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பிறகு படத்தை மேலும் கீழும் பார்த்தார். தலை காலுக்குள் குனிந்திருந்ததால் அங்கே கறுப்பாக ஒரு மேடுதான் இருந்தது.

"எல்லாம் சரி தம்பி," என்றார், "மூஞ்சியைக் காணோமே?"